29 மணி நேர வீடு: லாரி ஓட்ட வந்த முதல் வருடம்

லாரி வேலையில் சேர்ந்த ஐந்தாவது வாரம்தான் முதல் முறையாக வீட்டுக்கு லீவில் வந்தேன். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு வண்டியை யார்டில் நிறுத்திச் சாவியைக் கொடுத்தேன். ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு அடுத்த லோடு. நிறுவனத்தின் நோட்டில் அது இரண்டு நாள் ஓய்வு. நான் மணிக்கணக்கில் எண்ணிப் பார்த்தேன், 29 வந்தது. வெள்ளி இரவு படுத்தவன் சனி காலை பத்து மணிக்குத்தான் எழுந்தேன். மதியம் மறுபடி மூன்று மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூக்கம். சனி இரவு ஒன்பதுக்கெல்லாம் படுத்தாக வேண்டும், இல்லையென்றால் விடியற்காலையில் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. ஆக, வீட்டில் நான் கண் விழித்திருந்தது எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் என் மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஏழு வயது. நான் வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா, வெளிய விளையாடப் போகட்டுமா?" என்று கேட்டாள். கோபமெல்லாம் இல்லை. ஐந்து வாரமாக எதற்கும் அம்மாவிடம் கேட்டுப் பழகிவிட்டாள், அவ்வளவுதான். "ஆறு மணிக்குள்ள வந்துடு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. குழந்தை ஓடிவிட்டது. நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நெஞ்சில் விழுந்த கனம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்கு முன்னால் நான் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவன். ஷிப்டு முடிந்தால் வீடு. 34 வயதில்தான் கனரக வாகன உரிமம் எடுத்தேன். இப்போது ஓட்ட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஓட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்த அளவுக்கு, வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போவது எப்படி என்று சொல்லித்தர யாரும் இல்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, அவர்களைவிட அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சேரும்போது நான் கேட்டது ஒரே கேள்வி: "மாசத்துக்கு எத்தனை நாள் வீட்டுக்கு விடுவீங்க?" ஆறு நாள் என்றார்கள். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டியது வேறு. ஓய்வை நாளாக எண்ணுகிறார்களா, மணியாக எண்ணுகிறார்களா? கடைசி சரக்கை இறக்கிய நிமிடத்திலிருந்து கணக்கா, யார்டுக்கு வந்த பிறகா, வீட்டு வாசலை மிதித்த பிறகா? இறக்குகிற இடத்தில் பத்து மணி நேரம் ஹால்டிங் ஆனால், அதாவது வண்டி காத்துக் கிடந்தால், அந்தப் பத்து மணி நேரம் யார் பங்கிலிருந்து போகும்? ஆறு நாளும் சேர்ந்தாற்போல் வருமா, இரண்டிரண்டாகப் பிய்த்துக் கொடுப்பார்களா? வீட்டுக்குக் கிளம்பும்போதே அடுத்த லோடு எப்போது என்று சொல்லிவிடுவார்களா, இல்லை போன் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். எனக்கு அதுதான் முக்கியம். கிளம்பும் நேரம் தெரியாத இரண்டு நாளைவிட, நேரம் தெரிந்த ஒரு நாள் எவ்வளவோ மேல். போன் எப்போது அடிக்குமோ என்று கையிலேயே வைத்துக்கொண்டு இருப்பவன் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வீட்டில் இல்லை. பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரிகிறது.

இந்தக் கேள்விகளை ஆபீசில் மட்டும் கேட்காதீர்கள். யார்டில் டயர் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டாவது வருட டிரைவரிடம் கேளுங்கள். "போன தடவை எப்போ வீட்டுக்குப் போனீங்க, எத்தனை மணி நேரம் இருந்தீங்க?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

ஓய்வு என்பது முதலாளி மனம் இரங்கித் தருவது என்று முதல் ஆறு மாதம் நானும் நினைத்திருந்தேன். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், பொதுவாக ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். முழு வார ஓய்வு 45 மணி நேரம், அதை வண்டிக்குள்ளேயே படுத்துக் கழிக்கவும் கூடாது. 2020-ல் வந்த திருத்தத்தின்படி, நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது டிரைவர் வீடு திரும்பும்படி வேலையை அமைத்துத் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. அமெரிக்காவில் சரக்கு ஏற்றிய வண்டியை 11 மணி நேரம் வரை ஓட்டலாம், ஆனால் அதற்கு முன் தொடர்ச்சியாக 10 மணி நேரம் ஓய்வு எடுத்திருக்க வேண்டும். எட்டு நாளில் 70 மணி நேர வேலை என்ற வரம்பும் உண்டு, 34 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்தால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். இந்தியாவில் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று சொன்னது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் இருந்தது. நடைமுறையில் சாலையில் என்ன நடக்கிறது என்பது வேறு விஷயம். ஆனாலும் நீங்கள் ஓட்டும் நாட்டின் விதியை ஒரு தாளில் எழுதி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். டிரிப் போடுகிறவரிடம் "எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்வதற்கும், "சட்டப்படி நாளைக்குக் காலை ஆறு மணி வரைக்கும் நான் வண்டி எடுக்க முடியாது" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒன்று இன்னும் மனதில் வையுங்கள்: சட்டப்படியான ஓய்வை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, அதையே வீட்டு லீவு என்று கணக்கில் எழுதுகிற இடங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு.

இப்போது தூக்கம். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

எங்கள் யார்டில் ஓர் அண்ணன் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள், "தம்பி, போற டிரிப்ல யாரும் வண்டியைச் சாய்க்கறதில்லை. வீட்டுக்கு வர்ற டிரிப்புலதான் சாய்க்கறாங்க" என்றார். கேட்டுக்கொண்டேன், மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை.

மூன்றாவது மாதம். மகளுக்குப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன். அன்று காலை ஏழு மணிக்கு எழுந்தவன், இறக்குகிற இடத்தில் சாயங்காலம் வரை வரிசையில் நின்றேன். அங்கிருந்து கிளம்பும்போது இருட்டிவிட்டது. வழியில் ஒரு நிறுத்தத்தில் படுத்துவிட்டுக் காலையில் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் காலையில் கிளம்பினால் போட்டி முடிந்துவிடும். ஜன்னலை இறக்கிவிட்டேன், பாட்டைச் சத்தமாக வைத்தேன், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். இரண்டரை மணி இருக்கும். வீட்டுக்கு இன்னும் 120 கிலோமீட்டர். அடுத்து எனக்குத் தெரிந்தது, வண்டிக்கு அடியில் தடதடவென்ற சத்தம். இடதுபக்கச் சக்கரங்கள் சாலை ஓரத்தில் வரிவரியாகப் போட்டிருக்கும் மேட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. கண் திறந்துதான் இருந்தது என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் அதற்கு முன்னால் தாண்டிய பாலம் எனக்கு நினைவில் இல்லை.

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி நான்கு விநாடியில் கிட்டத்தட்ட 90 மீட்டர் போய்விடும். நான்கு விநாடி கண்ணயர்ந்தால், அந்த 90 மீட்டரும் வண்டி ஆளில்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை, கண், மூளை எல்லாம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரைப் போல மந்தமாகிவிடும் என்று 1997-ல் வந்த ஓர் ஆய்வு சொல்லியிருக்கிறது. நான் அன்று பத்தொன்பதரை மணி நேரமாக விழித்திருந்தேன். அதுவும் நள்ளிரவு 2 முதல் 5 வரை, உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரத்தில். ஜன்னல் காற்றும் பாட்டும் தூக்கத்தை விரட்டாது. தூக்கம் வருவதை நம்மிடமிருந்து மறைக்க மட்டும்தான் செய்யும்.

அங்கேயே படுத்துத் தூங்கினேன். போட்டிக்குப் போகவில்லை. மகள் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நான் ஏன் வரவில்லை என்ற முழுக் கதையை என் மனைவிக்குச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. சொன்னதும் அவள் கேட்டது இதுதான்: "வந்துடறேன்னு ஏன் சொன்னீங்க? வரப் பாக்கறேன்னு சொல்லியிருக்கலாமே."

அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பழக்கம் வந்தது. முதலாவது, தேதி கொடுப்பதில்லை, இடைவெளிதான் கொடுப்பேன். "ஞாயிறு சாயங்காலத்திலிருந்து செவ்வாய் காலைக்குள்" என்று சொல்வேன். கடைசி சரக்கை இறக்கிக் கதவைப் பூட்டிய பிறகுதான் நேரம் சொல்வேன். பிள்ளைகளுக்குச் செவ்வாய் என்றுதான் சொல்லி வைப்போம். திங்கட்கிழமையே போய் நின்றால் அவர்களுக்கு அது கூடுதல் நாள். இரண்டாவது, நாள் முழுக்க வேலை பார்த்த பிறகு வீட்டுக்கு வரும் கடைசித் தூரத்தை இரவில் ஓட்டுவதில்லை. எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சரி. கண் கனத்தால் முதலில் நிறுத்துவது, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுப்பது. காபி வேலை செய்யவே அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். ஆனால் அது அடுத்த நல்ல நிறுத்தம்வரை போய்ச் சேரத்தான். இரவுத் தூக்கத்துக்கு அது ஈடாகாது.

கண்டிப்பாக இருந்தே தீர வேண்டிய நாள் என்று வருடத்தில் நாலைந்து இருக்கும். அவற்றை வருட ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு வாரம் முன்னால் டிரிப் போடுகிறவருக்கு மறுபடி நினைவுபடுத்துவேன், ஒரு வாரம் முன்னால் இன்னொரு முறை. மெசேஜில்தான், பேச்சில் இல்லை. வீட்டுப் பக்கம் வரும் ரிட்டர்ன் லோடு அவருக்குச் சட்டென்று கிடைத்துவிடாது, தேட நேரம் வேண்டும். நாளைக்கு வேண்டும் என்று இன்று கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. முதல் சில மாதம் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது யோசித்தால், நான் சொன்ன விதமும் சரியில்லை.

போன் பேசுவதைப் பற்றி. முதலில் ஓட்டிக்கொண்டே பேசினேன், கையில் பிடிக்காமல்தான். ஒருநாள் வீட்டில் ஏதோ பணப் பிரச்சினை பற்றிப் பேசிக்கொண்டே நான் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது, மனது வீட்டில் இருந்தது. இப்போது வண்டி ஓடும்போது எடுப்பதில்லை. அடுத்தடுத்து இரண்டு மிஸ்டு கால் வந்தால் மட்டும் அவசரம் என்று அர்த்தம், முதல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தித் திருப்பி அழைப்பேன். ஒன்றரை வருடத்தில் மூன்றே தடவைதான் அப்படி வந்தது.

தினமும் இரவு எட்டு மணி வாக்கில் எங்கள் நேரம். ஆரம்பத்தில் "சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா" என்று கேட்பேன், "ம்" என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். பிள்ளைகளுக்குப் போனில் கேள்விக்குப் பதில் சொல்லப் பிடிக்காது. ஏதாவது சேர்ந்து செய்தால் பிடிக்கும். அதனால் ஒரு கதைப் புத்தகம் இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று வண்டியில், ஒன்று வீட்டில். நான் இரண்டு பக்கம் படிப்பேன், மகள் தன் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து வருவாள், நான் நிறுத்துகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். வீட்டுக்கு வந்த ஒருமுறை அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் தேதி எழுதியிருந்தாள். நான்கு நாள் சிக்னல் இல்லாமல் போன இடத்தில் கோடு இல்லை, தேதி மட்டும் நான்கு இருந்தது.

சின்னவனுக்கு மூன்று வயது. அவனுக்குக் கதையில் பொறுமை இல்லை. அவனுக்கு வண்டியின் ஹாரன் சத்தம் போதும். நிறுத்தி வைத்திருக்கும்போது வீடியோவில் வைப்பரைப் போட்டுக் காட்டினால் அதுவே அன்றைக்கு அவன் பங்கு.

வீட்டுக்குள் நுழைந்த பிறகு நான் செய்த தவறுகளைச் சொல்ல வேண்டும். வந்ததும் எல்லாவற்றையும் சரி செய்யப் பார்த்தேன். செலவு நோட்டைப் பிரித்துக் கேள்வி கேட்டேன். பிள்ளைகள் தூங்கும் நேரத்தை மாற்றினேன். ஒழுகும் குழாயைச் சரி பண்ணுகிறேன் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனால், அது ஏற்கெனவே சரியாகியிருந்தது. "வாஷர் போயிருந்தது, மாத்திட்டேன்" என்றாள் மனைவி, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே. பெருமைப்பட வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. நான் இல்லாமலும் இந்த வீடு ஓடுகிறது என்பது அப்போது எனக்கு அவமானமாகப் பட்டது. உண்மையில் அது ஓடுவதால்தானே நான் நிம்மதியாகச் சாலையில் இருக்கிறேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது.

இப்போது முதல் நாள் நான் எதையும் தொடுவதில்லை. தூங்குவேன், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கே இருப்பேன். வீட்டு வேலைப் பட்டியலில் இரண்டே இரண்டை மனைவி சொல்வாள், அதை இரண்டாவது நாள் முடிப்பேன். பிள்ளைகள் என்னிடம் அனுமதி கேட்டால், "அம்மா என்ன சொன்னாங்க?" என்பேன். அவள் போட்ட ஒழுங்கை இரண்டு நாளில் கலைத்துவிட்டு நான் போய்விட்டால், மிச்சம் இருபது நாள் சிரமப்படுவது அவள்தான். லீவில் ஒரு அரை நாள் அவளுக்கே அவளுக்கு. வெளியே போவாளோ தூங்குவாளோ, அது அவள் இஷ்டம். பிள்ளைகள் இருவரும் என் பொறுப்பு. முதல் தடவை அவள் ஐந்து மணி நேரம் தூங்கினாள். எனக்குச் சாலையில் தூக்கம் கெட்டது போல அவளுக்கு வீட்டில் கெட்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பணம். டிரிப்புக்குத்தான் சம்பளம், வண்டி நின்றால் வருமானமும் நிற்கும் என்ற வேலையில், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் மனதில் மீட்டர் ஓடும். புதியவர்கள் வீட்டு லீவை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் இதனால்தான். "இந்த ஒரு லோடு மட்டும் எடுத்துடுங்க" என்று கேட்பார்கள், நாமும் தவணையை நினைத்துத் தலையாட்டுவோம். எனக்கு உதவியது, ஒரு மாத வீட்டுச் செலவுக்கான தொகையைத் தனியாகச் சேர்த்து வைத்தது. எட்டு மாதம் பிடித்தது. அது சேர்ந்த பிறகுதான் "முடியாது, நான் வீட்டுக்குப் போகணும்" என்ற வாக்கியம் என் வாயிலிருந்து தடுமாறாமல் வந்தது. புதிதாகச் சேர்ந்த கையோடு பெரிய தவணை எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சின்ன விஷயம், ஆனால் பெரிய பலன்: எல்லாவற்றிலும் இரண்டு செட். துண்டு, போர்வை, சார்ஜர், ஷேவிங் சாமான், மருந்து. ஒன்று வண்டியில், ஒன்று வீட்டில். முன்பெல்லாம் லீவின் கடைசிச் சாயங்காலம் முழுக்கத் துணி துவைத்துக் காயவைத்துப் பை கட்டுவதிலேயே போய்விடும். பையைப் பார்த்ததும் சின்னவன் அழ ஆரம்பிப்பான். இப்போது பை கட்டுவதே இல்லை. உரிமம் புதுப்பிப்பது, மருத்துவப் பரிசோதனை, பல் வைத்தியம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே நேரம் வாங்கி ஒரே காலையில் முடித்துவிடுகிறேன்.

ஒரு வருடம் முடிந்ததும் நெடுந்தூரத்தை விட்டு நடுத்தரத் தூர ஓட்டத்துக்கு மாறினேன். நான்கைந்து நாள் ஓட்டம், இரண்டு இரவு வீடு. வருமானம் குறைந்தது. தினமும் வீட்டுக்குத் திரும்பும் உள்ளூர் ஓட்டமும் கேட்டுப் பார்த்தேன். பெயருக்குத்தான் தினமும் வீடு. விடியுமுன் கிளம்பி, 13, 14 மணி நேரம் கழித்து, நாளெல்லாம் சந்தில் ரிவர்ஸ் எடுத்துச் சரக்கையும் இறக்கிவிட்டு வந்தால், பிள்ளைகள் தூங்கும் முகத்தைத்தான் பார்க்க முடியும். சிலருக்கு அது சரிப்படும். எங்களுக்கு, நான் கண் விழித்து வீட்டில் இருக்கும் மணி நேரம்தான் கணக்கு. மனைவியும் நானும் தாளில் எழுதிப் பார்த்தோம். நெடுந்தூரத்தில் மாதம் 50 மணி நேரம் கூட வரவில்லை. இப்போது நூறைத் தாண்டுகிறது.

இதை யார்டில் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை மறுநாள் இறக்கம். வெள்ளி இரவிலிருந்து சனி மதியத்துக்குள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மணி ஏழே முக்கால் ஆகிறது. புத்தகத்தை எடுத்து நேற்று விட்ட பக்கத்தைப் பிரித்து வைத்துவிட்டேன்.